மஞ்சள் துணிக்குள் இரண்டு மீன்கள்

எண்பத்தெட்டாம் வருஷம், ஆடி மாதத்துச் சனிக்கிழமை, மாலை நாலேகால் மணி. ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு பழைய இரும்புக் கடை இருந்தது. அதன் தராசுத் தட்டில், வளைந்த செப்புக் குழாய்க்கும் உடைந்த குத்துவிளக்கின் பாதத்துக்கும் நடுவில், நான் முதலில் பார்த்தது ஒரு மீனை. என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய மீன். பச்சையேறிய வட்டத் தகட்டில் நிமிர்ந்து நின்றது. பக்கத்தில் இன்னொரு மீனும் இருக்கலாம் என்று தோன்றியது. அது மீனா அழுக்கா என்று அங்கே நின்றுகொண்டு சொல்ல முடியவில்லை.

கடைக்காரரைத் தெருவே பாய் என்றுதான் கூப்பிடும். நானும் அப்படித்தான்.

"பாய், அந்தக் காச மட்டும் எனக்குத் தாங்க."

"எந்தக் காசு?"

"குழாய்க்குப் பக்கத்துல கெடக்கே."

குனிந்து பார்த்தார். "இதா? நான் கோட்டுப் பித்தான்னுல்ல நெனச்சேன்."

குழாயையும் விளக்கையும் எடுத்து வைத்துவிட்டுக் காசை மட்டும் தட்டில் விட்டார். முள் அசையவில்லை. தட்டை ஒரு தட்டு தட்டினார். அப்போதும் அசையவில்லை.

"எடையே காட்ட மாட்டேங்கு. எடை காட்டாத சாமானுக்கு நான் என்னத்தன்னு வெல சொல்ல? சும்மா கொண்டு போ தாயி. வீட்டுல ஓட்ட அண்டா கிண்டா கெடந்தா மட்டும் வேற கடைக்குப் போயிராதீக."

என் பழங்காசுச் சேகரிப்புக்கு அப்போது இரண்டு மாத வயது. எனக்குப் பதினெட்டு. பி.காம். முதலாம் ஆண்டு. தபால்தலை சேர்ப்பதற்கு ஆல்பம் வேண்டும், பசை வேண்டும், வெளிநாட்டில் சொந்தக்காரர்கள் வேண்டும். காசுக்கு ஒரு டப்பா போதும் என்பதால் காசைத் தேர்ந்தெடுத்திருந்தேன். டப்பா பிஸ்கட் டப்பா. அப்பா ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். எங்கள் வீட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் பஞ்சுக்கு வராது. டப்பாவில் பஞ்சு விரித்து, அதன்மேல் சேகரிப்பை வைத்திருந்தேன்.

சேகரிப்பு என்பது ஐந்து பொருள்கள். ஒன்று, ராமர் பட்டாபிஷேகம் பொறித்த பித்தளைக் காசு. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தவர், அது ராமரே தன் ஆட்சியில் அடித்து வெளியிட்டது என்று சொல்லி விற்றார். இவ்வளவு புதுசாக இருக்கிறதே என்று கேட்டேன். "அந்தக் காலத்துல எல்லாமே தரமா செஞ்சாங்க பாப்பா" என்றார். இரண்டாவது, விக்டோரியா தலை போட்ட காலணா. மூன்றாவது, நடுவில் துளையுள்ள ஒரு பைசா. நான்காவதும் நடுவில் துளையுள்ளதுதான். ஆனால் எழுத்தே இல்லாததால் அதைச் சங்க காலம் என்று வகைப்படுத்தியிருந்தேன். ஐந்தாவது முக்கோணமாக, வளைந்து, மூன்று ஆணித் துளைகளோடு இருந்தது. அது ரோமானியக் காசாக இருக்கலாம் என்பது என் கருத்து.

மறுவாரம் டப்பாவையும் புதுக்காசையும் எடுத்துக்கொண்டு, எங்கள் கல்லூரியில் வரலாறு நடத்தும் பேராசிரியரைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள அவர் வீட்டுக்கு பஸ் ஏறினேன். அவர் என் பாடத்துக்கு வருபவர் அல்ல. கல்லூரி விழாவில் கண்ணாடிப் பெட்டிக்குள் பழங்காசுகளை வைத்து, ஒரு நாள் முழுக்கப் பக்கத்திலேயே நின்று யாரும் தொடாமல் காவல் காத்தவர். பூதக்கண்ணாடியை எடுத்து, சங்க காலத்திலிருந்து ஆரம்பித்தார்.

"இது வாஷர்."

"சார்?"

"பம்புசெட் வாஷர். இது என்ன முக்கோணம்?"

"ரோமானியம்னு..."

"ட்ரங்குப் பெட்டியோட மூலைத் தகடு. எங்க வீட்டுப் பெட்டியிலயும் நாலு இருக்கு. நாலு ரோமாபுரி."

ராமரைக் கையில் எடுக்கவே இல்லை. விக்டோரியாவை எடுத்தார், வைத்தார். பாய் கடைக் காசுக்கு வந்ததும் ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஒரு பக்கம் நிற்கும் மனித உருவம், அரசனாக இருக்க வேண்டும். மறுபக்கம் இரண்டு மீன்கள், நடுவில் செங்கோல் மாதிரி ஒரு கோடு. மீன்களுக்குக் கீழே எழுத்து இருக்கிறது, பச்சை மூடியிருப்பதால் படிக்க முடியவில்லை.

"பாண்டியர் செப்புக்காசு. எழுநூறு எண்ணூறு வருஷம் இருக்கும். நல்லாக் கேட்டுக்கம்மா. இதைக் கழுவக் கூடாது. புளி, சாம்பல், செங்கப்பொடி, எதுவும் படக் கூடாது. அந்தப் பச்சைதான் அதுக்குச் சட்டை. பஞ்சு ஈரத்தை இழுக்கும், அதனால டப்பாவுக்குள்ள அடைக்காதே. வெளியில காத்தாட வை. அடுத்த மாசம் கொண்டு வா. எண்ணெயில ஊறப்போட்டு அந்த எழுத்தைப் படிச்சிரலாம்."

அப்படியே செய்தேன். வாஷர் முதல் விக்டோரியா வரை டப்பாவுக்குள் பஞ்சு மெத்தையில் இருந்தன. பாண்டியன் மட்டும் என் மேசைமேல் ஒரு டீ சாஸரில் காற்று வாங்கினான். பின்னால் நடந்த அத்தனைக்கும் காரணம் இந்த ஏற்பாடுதான்.

இப்போது நாயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா ஒரு ராஜபாளையம் நாய் வளர்த்தார். சுத்த வெள்ளை, ரோஜா நிற மூக்கு, ஒட்டிய வயிறு. இந்த வெள்ளைக் குட்டிகளில் சிலவற்றுக்குக் காது கேட்காது என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். வாங்குகிறவர்கள் குட்டிக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பார்கள். அப்பாவும் தட்டிப் பார்த்தார். குட்டி உடனே திரும்பியது. அப்பா சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த நேரத்தில் அங்கே ஒரு கோழி ஓடியது என்பதும், குட்டி அதைப் பார்த்துத்தான் திரும்பியது என்பதும் ஒரு வாரம் கழித்தே தெரிந்தது. நாய்க்குத் தீபாவளி வெடிகூடக் கேட்காது. வெடி வெடித்தால் ஊர் நாய்கள் எல்லாம் கட்டிலுக்கடியில் நடுங்கும். எங்கள் நாய் வாசலில் படுத்துத் தூங்கும். அதன் தைரியத்தைப் பற்றி அப்பா மில்லில் பேசிக்கொள்வார்.

நான் காசுகளை எடுத்துப் பார்க்கும்போது அது மேசைக்கடியில் வந்து என் பாதத்தின்மேல் தாடையை வைத்துப் படுக்கும். கால் மரத்துப்போகும்வரை நான் அசைய மாட்டேன்.

ஒரு புதன்கிழமை காலையில் வாசலில் சங்கிலி கிடந்தது. சங்கிலியின் நுனியில் கழுத்துப்பட்டை, பூட்டியது பூட்டியபடியே. நாய் மட்டும் இல்லை.

அப்பா மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு சைக்கிளில் தெருத்தெருவாகப் போய்க் கூப்பிட்டார். பின்னால் கேரியரில் நான்.

"அப்பா, அதுக்குத்தான் காது கேக்காதே."

"அதுக்குக் கேக்கவா கூப்பிடுதேன்? தெருவுல இருக்கவங்களுக்குக் கேக்கணும்ல."

தெருவில் இருந்தவர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். நாயைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை. நாயின் அலுமினியத் தட்டைக் கழுவித் துடைத்து, இடத்தில் வைத்தார்.

அன்றைக்கே அம்மா காசு முடிந்து வைத்துவிட்டாள். எங்கள் பக்கத்து வழக்கம் இது. ஒரு காரியம் நடக்க வேண்டுமென்றால் வெள்ளைத் துணியை மஞ்சள் தண்ணீரில் நனைத்து, ஒரு காசை வைத்து முடிந்து, சாமி படத்துக்குப் பின்னால் வைப்பார்கள். காரியம் நடந்ததும் கோயிலுக்குக் கொண்டுபோய் உண்டியலில் போட வேண்டும். நாய் வந்துவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் உண்டியலில் போடுவதாக அம்மா வேண்டிக்கொண்டாள். அதை நான் கவனிக்கவில்லை. வீட்டில் யாரும் எதையும் கவனிக்கும் நிலையில் இல்லை.

மறுநாள் என் சாஸர் காலியாக இருந்தது.

மேசை, மேசைக்கடி, கட்டில், கட்டிலுக்கடி, பாய்ச் சுருள், விளக்குமாறு, குப்பைக்கூடை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கட்டிலுக்கடியில் டார்ச்சோடு கிடந்தபோது அப்பா குனிந்து பார்த்தார்.

"நாயவா தேடுதே தாயி? அம்புட்டு எடத்துல அது எப்படி நொழையும்?"

"இல்லப்பா. மீனு."

"மீனா?" என்றார். நாய் போன ஏக்கத்தில் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். அம்மாவிடம் போய் மெதுவாக ஏதோ சொன்னார்.

அம்மா வந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். ஒரே ஒரு நல்ல காசு, அதைக் காணோம்.

"இதுக்கா ஏட்டி இப்படி உருளுத? எந்திரி. மடவார் வளாகத்து வைத்தியநாதருக்கு ஒரு காசு முடிஞ்சு வைக்கேன். செத்த நேரத்துல கெடச்சிரும்."

சொல்லும்போதே துணியைக் கிழித்துக் கிண்ணத்தில் நனைத்துவிட்டாள். அம்மாவின் கை பேச்சுக்காக நிற்காது. நனைத்த துணியில் அவள் வைத்த காசைப் பார்த்தேன். அது விக்டோரியா.

"ஏம்மா, இது என் டப்பாவுல உள்ளதுல்லா?"

"ஆமா."

"என் காசு கெடைக்கதுக்கு என் காசையே முடியுதியா?"

"பொறவு யாரு காச முடிய? காணாமப் போனது ஒன் காசுதான? மொதல்ல அந்த ராமரத்தான் எடுத்தேன். சிவன் கோயிலுக்கு ராமர எப்படி அனுப்பன்னு வச்சிட்டேன். வெள்ளக்காரின்னா யாருக்கும் சங்கடம் இல்ல."

அப்போதுதான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது.

"நாய்க்கு முடிஞ்சியே, அது எந்தக் காசு?"

"அது ஒன் காசு இல்ல. டப்பாவுல இருக்கது நீ சேத்து வச்சது, அதத் தொடக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? அது சும்மா வெளிய கெடந்தது. சாஸர்ல. பாசி புடிச்சு, பாக்கவே அருவருப்பா. செப்புக் காசா இருக்கே, பெருமாளுக்கு ஆகும்னு எடுத்தேன்."

நான் காலி சாஸரைப் பார்த்தேன். அம்மா அதைத் தவறாகப் புரிந்துகொண்டாள்.

"அழுக்கோடயா முடிஞ்சிருப்பேன்னு நெனைக்கே? புளி போட்டு, செங்கப்பொடி போட்டு, நல்லாத் தேச்சு, பளபளன்னு ஆக்கித்தான் வச்சேன்."

இதைச் சொல்லிக்கொண்டே விக்டோரியாவின் முடிச்சை இறுக்கினாள். இறுக்கியதும் முகம் மலர்ந்தது.

"பாத்தியா! முடிச்சு விழுகதுக்குள்ள காசு கெடச்சிருச்சு! வைத்தியநாதர் எம்புட்டு வேகம் பாத்தியா!"

"கெடச்சிருச்சுன்னா எடுத்துக் கையில குடு."

"கெடச்சது வேற, எடுக்கது வேற. அது பெருமாளுக்கு முடிஞ்சதுல்லா?"

ஆகக் காரியம் நடந்துவிட்டபடியால் விக்டோரியாவும் கோயிலுக்குக் கடன்பட்டாள்.

இதில் நியாயம் கேட்க ஒரே ஆள் பக்கத்து வீட்டு அத்தை. தெலுங்கு பேசுகிறவர்கள். நேர்த்திக்கடன் விஷயங்களில் அவர் சொல்வதைத் தெருவில் யாரும் மறுப்பதில்லை. நான் முடிச்சை அவிழ்த்துக் காசை எடுத்துக்கொண்டு, பதிலுக்குப் புது ஒரு ரூபாயை வைக்கலாமா என்று கேட்டேன்.

"ஒத்து, ஒத்து" என்று தெலுங்கில் வேண்டாமெனச் சொல்லி இரண்டு கையாலும் தடுத்தார். பிறகு தமிழுக்கு வந்தார். "ஒரு ரூவாய கூட வச்சு முடியலாம். உள்ள இருக்கத எடுக்க முடியாது. சாமிகிட்ட கூட்டல் உண்டு, கழித்தல் கெடையாது."

"நாய் வராமலே போயிட்டா?"

"வார வரைக்கும் அங்கனயே இருக்கும்."

"வரவே வராதுன்னு தெரிஞ்சிட்டா?"

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "செத்துப் போச்சுன்னு கண்ணால பாத்துட்டா அவுக்கலாம். ஏண்டியம்மா, அதுக்கா கேக்க?"

இல்லை என்றேன். நிலவரம் தெளிவாக இருந்தது. நாய் வந்தால் பாண்டியன் உண்டியலுக்குப் போவான். நாய் வராவிட்டால் சாமி படத்துக்குப் பின்னால் இருப்பான். என் கைக்கு வர வேண்டுமானால் நாய் சாக வேண்டும். வீட்டில் மற்ற இரண்டு பேருக்கும் இந்தக் கணக்கைப் போடத் தேவை இருக்கவில்லை.

இன்னொரு கவலையும் இருந்தது. புளிக்கும் செங்கல்பொடிக்கும் பிறகு மீன்கள் மிச்சம் இருக்கின்றனவா? அம்மா கடைக்குப் போன நேரத்தில் படத்துக்குப் பின்னாலிருந்து முடிச்சை எடுத்து, அவிழ்க்காமல், மேலே ஒரு மெல்லிய தாளைப் போர்த்திப் பென்சிலால் தேய்த்துப் பார்த்தேன். காசின் பொறிப்பு தாளில் விழும் என்று பேராசிரியர் ஒருமுறை சொல்லியிருந்தார். விழுந்தது துணியின் நெசவு. மிக நேர்த்தியான நெசவு. அதைத்தான் அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இது என்னம்மா, கோணிப்பையா?"

நடந்ததைச் சொன்னேன். வேண்டுதல், நாய், கூட்டல், கழித்தல் எல்லாவற்றையும் கேட்டார். ஆனால் அவர் முதலில் கேட்டது வேறு.

"புளியா?"

"புளியும் செங்கப்பொடியும் சார்."

கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நாய் எப்படி இருக்கும்?" என்றார் பிறகு.

"வெள்ளையா சார்."

"வராம இருக்கறதுக்கு வாய்ப்பு இருக்கா?"

அப்பா அந்த வாய்ப்பை ஒப்புக்கொள்ளவில்லை. செட்டியார்பட்டியில் ஒரு வீட்டு வாசலில் வெள்ளையாக, ஒல்லியாக, கூப்பிட்டால் திரும்பாத ஒன்று கட்டிக் கிடக்கிறது என்று மில்லில் யாரோ சொன்னார்கள். சைக்கிளில் போனோம். சொன்னது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வெள்ளை, ஒல்லி, கூப்பிட்டால் திரும்பவில்லை. ஆடு. அப்பா விசாரித்த விதத்தில் ஆட்டுக்காரம்மா கோபித்துக்கொண்டார்.

"எங்க ஆட்டப் பாத்தா ஒங்களுக்கு நாய் மாதிரியா தெரியுது? காலங்காத்தால குளிப்பாட்டி விட்டுருக்கேன்."

அப்பா மன்னிப்புக் கேட்டார். திரும்பும் வழியில் ஊர் எல்லை வந்தபோது, "நல்ல ஆடுதான்" என்றார்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லூரியிலிருந்து செண்பகத்தோப்புக்கு எங்களை வேனில் கூட்டிப்போனார்கள். மலையடிவாரம், ஓடை, புளியோதரை. கூட வந்த ஆசிரியர்களில் வரலாற்றுப் பேராசிரியரும் ஒருவர். திரும்பும்போது வன இலாகா செக்போஸ்டில் வேன் நின்றது. காவலர் குடிசை வாசலில் ஒரு பெஞ்சு, பெஞ்சுக்கடியில் நிழல், நிழலில் ஒரு வெள்ளை நாய்.

ஒட்டிய வயிறு ஒட்டியிருக்கவில்லை. மற்றபடி அதுதான்.

நான் இறங்கி நின்றேன். நாய் என்னைப் பார்க்கவில்லை. காற்று எதிர்ப்பக்கமிருந்து அடித்தது. பேராசிரியரும் இறங்கிப் பக்கத்தில் வந்து நின்றார். நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அதுவா?"

"ஆமா சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. வெள்ளை நாய் எல்லாம் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்."

"மூக்கு ரோஸ் கலர்ல இருக்கு சார்."

"ரோஸ் மூக்கு இந்தப் பக்கம் சகஜம்." குரலைத் தாழ்த்தினார். "அந்த எழுத்தை நாம இன்னும் படிக்கலை."

காவலர் எங்களைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"ஒங்க நாயாம்மா? பாதை தவறி வந்துருச்சு போல. ஒரு மாசமா இங்கனதான். தயிர்சோறு மட்டுந்தான் திங்கு. எம்புட்டுக் கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்காது. பெரிய எடத்து நாய் போல, நம்மள மதிக்க மாட்டேங்குன்னு நெனச்சிக்கிட்டோம். ரேஞ்சர் அய்யா வந்தாக்கூட எந்திரிக்காது."

"காது கேக்காதுங்க."

"அப்படியா!" என்றார் காவலர். ஒரு மாதமாக மனதில் இருந்த குறை தீர்ந்த மாதிரி அவர் முகம் தெளிந்தது.

வேன் டிரைவர் ஹாரன் அடித்தார். ஏற வேண்டும். நாய் யாருடையது என்று நான் காவலரிடம் இன்னும் வாய் திறந்து சொல்லியிருக்கவில்லை. பேராசிரியர் வேனின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அப்போது காற்று திரும்பியது. நாய் தலையைத் தூக்கியது. மூக்கு இரண்டுமுறை அசைந்தது. பெஞ்சுக்கடியிலிருந்து எழுந்து, சோம்பல் முறித்து, அவசரமே இல்லாமல் நடந்து வந்து, என் செருப்பின்மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது.

"எங்க நாய்தாங்க" என்றேன்.

பேராசிரியர் வேனுக்குள் ஏறினார். நாய் அவர் பக்கத்து இருக்கையில்தான் வந்தது. வேறு இடம் இல்லை. ராஜபாளையம் வரும்வரை அவர் மடியில் தலை வைத்துத் தூங்கியது. அவர் கையைத் தூக்கியே வைத்திருந்தார்.

வேன் எங்கள் தெருவில் நின்றபோது அப்பா வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். எண்ணெய்க் கையோடு ஓடி வந்து கட்டிக்கொண்டதில் நாயின் முதுகில் இரண்டு கறுப்புக் கைகள் பதிந்தன. அவை போகப் பல நாள் ஆயிற்று. பேராசிரியருக்கு அப்பா காபி கொடுத்தார். "இவ மட்டும் பாக்கலேன்னா என்ன ஆயிருக்கும் சார்!" என்று கேட்டார். பேராசிரியர் காபியைக் குடித்தார். அம்மா உள்ளேயிருந்து, "வார சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போகணும்" என்றாள்.

போனோம். அம்மாவும் நானும். அப்பா காலை ஷிப்டை முடித்துவிட்டு வந்து நாயைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். புதிதாக ஒரு கனமான சங்கிலி வாங்கி, பட்டையை ஒரு துளை குறைத்து இறுக்கியிருந்தார். தன் கைக்கடிகாரத்தையும் உண்டியலில் போடச் சொல்லி முதல்நாள் கழற்றிக் கொடுத்தார். அம்மா திருப்பிக் கட்டிவிட்டாள். "கடிகாரத்த நான் வேண்டல."

ஆண்டாள் கோயிலில் சனிக்கிழமைக் கூட்டம். உண்டியலுக்கு முன்னால் வந்ததும் அம்மா இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து முடிச்சை எடுத்தாள்.

"அம்மா, ஒரே ஒரு தடவ பாத்துக்கிடுதேன்."

அம்மா யோசித்தாள். பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள்.

"பாத்தா கழித்தல் ஆகாதும்மா."

"சரி, சீக்கிரம் பாரு."

அவிழ்த்து உள்ளங்கையில் வைத்தாள். காசு அன்றைக்கு அடித்ததுபோல் சிவப்பாக மின்னியது. அரசன் இருந்த பக்கம் மொழுமொழுவென்று, பாய் சொன்ன கோட்டுப் பித்தானாகவே இருந்தது. திருப்பினேன். இரண்டு மீன்கள். நிமிர்ந்து, கண்ணும் செதிலுமாக. நடுவில் செங்கோல். கீழே, பச்சை மூடியிருந்த இடத்தில், மூன்று எழுத்துகள் பளிச்சென்று இருந்தன. பழைய எழுத்து. எனக்குப் படிக்கத் தெரியாது.

"பாத்தியா," என்றாள் அம்மா, "நான் தேச்சதுனாலதான் மீனு இம்புட்டுத் தெளிவாத் தெரியுது."

"செத்த இரும்மா, எழுத்த மட்டும் எழுதிக்கிடுதேன். பேனா இருக்கா?"

"கோயிலுக்கு யாரு ஏட்டி பேனா கொண்டு வருவா?"

"ஏம்மா, போடுதீகளா, இல்ல பாத்துக்கிட்டே நிக்கப் போறீகளா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அம்மா போட்டாள். உள்ளே சில்லறை நிறைய இருந்திருக்க வேண்டும். சத்தம் பெரிதாக வரவில்லை. மஞ்சள் துணியை உதறி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அங்கிருந்து மடவார் வளாகம் போய், வைத்தியநாதர் கோயிலில் விக்டோரியாவையும் செலுத்தினோம். பஸ் ஸ்டாண்டில் அம்மா எனக்குப் பால்கோவா வாங்கிக் கொடுத்தாள். வழியெல்லாம் அந்த மூன்று எழுத்துகளை மறக்காமலிருக்க, ஜன்னல் கம்பியில் விரலால் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டு வந்தேன். முதல் எழுத்து கொக்கி மாதிரி. இரண்டாவது, கொக்கிக்கு ஒரு கால். மூன்றாவது, ராஜபாளையம் வருவதற்குள் முதலாவது மாதிரியே ஆகிவிட்டது.

நாங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது மாலை ஐந்தரை இருக்கும். வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். கையில் புதுச் சங்கிலி. அதன் நுனியில் பட்டை, பூட்டியது பூட்டியபடியே.